மூடியைப் பார்க்காத வீடு

அந்த வீட்டில் மாதத்துக்கு இரண்டு திருட்டாவது நடக்கும். திருடுகிறவள் வீட்டுக்காரி. பறிகொடுக்கிறவர் வீட்டுக்காரர்; அதுவும் ஊருக்கெல்லாம் பூட்டும் சாவியும் செய்து கொடுக்கிற மனுஷன். வெளியில் சொன்னால் வெட்கக்கேடு.

திருடுபோகும் பொருள் ஓர் அட்டைத் துண்டு. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். ஒரு படத்தை ஆயிரம் துண்டாக வெட்டிப் பெட்டியில் போட்டு விற்கிறார்களே, கோத்துக் கோத்து மறுபடி படமாக்குவதற்கு, அந்த ஜிக்சா பஸிலில் ஒன்று. புதுப் பெட்டியைப் பிரித்து மேஜையில் கொட்டிய கையோடு அவள் யாருக்கும் தெரியாமல் ஒரு துண்டைச் சுருட்டிவிடுவாள். பத்துப் பதினைந்து நாள் எல்லோரும் முதுகொடியக் குனிந்து, தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதையும் வைத்து முடித்து, நடுவில் ஓர் ஓட்டையைப் பார்த்துத் திருதிருவென்று விழிக்கும்போது, அடுப்படியிலிருந்து சாவகாசமாக வருவாள். இடுப்பிலிருந்தோ கண்ணாடிக் கூட்டிலிருந்தோ துண்டை எடுத்து ‘டக்’ என்று வைப்பாள். கடைசித் துண்டை வைக்கிறவர்தான் அந்தப் படத்துக்குச் சொந்தக்காரர் என்பது வீட்டுச் சட்டம். இருபத்திரண்டு வருஷத்தில் சாவிக்காரர் ஒரு படத்துக்குக்கூடச் சொந்தக்காரர் ஆனதில்லை. ‘கொள்ளைக்காரி’ என்று அவளுக்குப் பேர் வைத்ததோடு சரி.

இந்தப் பைத்தியம் பிடித்தது மகளால். ஏழு வயதில் கால் முறிந்து மாவுக்கட்டோடு கிடந்தாள். பார்க்க வந்த யாரோ பழம் வாங்காமல் ஒரு பஸில் பெட்டி வாங்கி வந்தார்கள். மகள் அரைமணி நேரம் புரட்டிப் பார்த்துவிட்டுத் தூக்கிப் போட்டாள். அப்பாவும் அம்மாவும் பிடித்துக்கொண்டார்கள். கட்டுப் பிரித்து அவள் தெருவில் ஓடியாட ஆரம்பித்த பிறகும் இவர்கள் இரண்டு பேரும் தரையைவிட்டு எழவில்லை. முட்டி வலிக்கிறது என்று கொள்ளைக்காரி புலம்பவும், சாவிக்காரர் இடித்த வீடு ஒன்றிலிருந்து கனமான மரக்கதவு ஒன்றைத் தூக்கிவந்து, நாலு உயரமான ஸ்டூல்கள்மேல் படுக்கப் போட்டு மேஜையாக்கினார். கதவின் அடிப்பக்கத்தில் பெட்டி மாதிரி ஓர் இரும்புப் பூட்டு, சாவி இல்லாமல். கழற்றிவிடச் சொன்னால், “இந்த மாதிரிப் பூட்டு இப்ப எவன் செய்யறான்?” என்பார். மேல்பக்கம் சாவித்துவாரம் பெரியதாக வாயைப் பிளந்துகொண்டிருந்தது. முதல் வருஷமே ஒரு துண்டு அதற்குள் விழுந்து, அவர் தரையில் மல்லாந்து படுத்துத் திருகாணிகளைக் கழற்றி எடுத்தார். அன்றைக்கே துவாரத்தின்மேல் கறுப்பு டேப்பை ஒட்டினார். அத்தோடு அந்த விஷயம் முடிந்தது.

இன்னொரு சட்டமும் உண்டு. பெட்டி மூடியில் முழுப் படமும் அச்சிட்டிருக்குமே, அதைப் பார்க்கவே கூடாது. கடைக்காரரே மூடிக்கு மட்டும் பழுப்புத் தாள் சுற்றித்தான் கொடுப்பார். மூடி நேராகப் பரண்மேல் போகும். படம் முடிந்த பிறகுதான் இறங்கும். “மூடியப் பாத்துட்டுச் செய்யறது விடையப் பாத்துட்டுக் கணக்குப் போடற மாதிரி, தூ!” என்பாள் கொள்ளைக்காரி.

துண்டுகளுக்கும் இவர்களாக வைத்த பேர்கள்தான். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் காது. உள்ளே குழிந்திருந்தால் வாய். ஓரத் துண்டுக்கு மொட்டை. இரண்டு பக்கமும் காது விரிந்திருந்தால் யானை. நாலு பக்கமும் வாயைத் திறந்துகொண்டிருந்தால் பசிக்காரன். காது ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தால் கோணங்கி. மகளைக் கட்டிக்கொண்டு வந்த மாப்பிள்ளை, பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், முதல் மாதம் இதையெல்லாம் கேட்டு மிரண்டுபோனார். நல்ல மனிதர், ஆனால் பொருந்தாத துண்டையும் முஷ்டியால் குத்தி உட்கார வைத்துவிடுவார். “மாப்ளே, அது பஸிலுங்க, டயர் இல்ல” என்று சாவிக்காரர் கெஞ்சிப் பார்த்தார். கடைசியில் மொட்டை பொறுக்குகிற வேலையும் தேநீர் போடுகிற வேலையும் அவருக்கு ஒதுக்கப்பட்டன.

இப்படிப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில்தான் அந்த இடி விழுந்தது.

கொள்ளைக்காரி வேலை பார்த்தது சீருடை தைக்கும் ஆலையில், காலர் வைக்கிற பிரிவில். ஒரு நாள் ஊசி விரலில் ஏறிவிட்டது. அது அந்த வேலையில் சகஜம். ரத்தம் நிற்காததுதான் சகஜமில்லை. துணியை மாற்றி மாற்றிச் சுற்றியும் சாயங்காலம்வரை கசிந்துகொண்டே இருந்தது. தோளிலும் தொடையிலும் அடிபடாமலே கன்றிப்போன நீலத் தடங்கள். பரிசோதனைக்குப் பிறகு டாக்டர் ரத்தத்தில்தான் நோய் என்றார். தனி அறையில் வைத்துத்தான் மருந்து ஏற்ற வேண்டும், யாரும் கிட்டே போகக்கூடாது, கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம் என்றார்.

ஆஸ்பத்திரியில் சேருவதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை. மகளும் மாப்பிள்ளையும் புதுப் பெட்டி ஒன்றோடு வந்தார்கள். யாருக்கும் வாயைத் திறக்கப் பயமாக இருந்ததால் கையாவது வேலை செய்யட்டும் என்று கொட்டினார்கள். நிறம் நிறமாகப் பிரித்துக்கொண்டிருக்கும்போது கொள்ளைக்காரிதான் சொன்னாள்.

“நீலமெல்லாம் ஆகாயம். அத என்கிட்ட குடுத்துடுங்க. அங்க கட்டில்மேல வைக்கிற பலகை இருக்குமாம், அதுல பாதிப் படந்தான் கொள்ளும். நான் மேல செய்யறேன், நீங்க கீழ செய்யுங்க. வந்ததும் ரெண்டையும் ஒட்டிடலாம்.”

“வந்ததும்னா எப்ப?” என்று கேட்டுவிட்டார் சாவிக்காரர். கேட்டபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“ஆகாயம் முடிஞ்சதும்” என்றாள்.

அட்டைச் சாமானை உள்ளே விடுவதற்கு வார்டு சிஸ்டர் லேசில் சம்மதிக்கவில்லை. மகள் கெஞ்சிக் கூத்தாடியபின், துண்டுகளை ஒரு நாள் முழுக்கக் கிருமி சாகிற விளக்குப் பெட்டிக்குள் வைத்து, உறை போட்டு உள்ளே அனுப்பினார்கள். “உள்ள போனது வெளிய வராது. கிளம்பறப்ப காகிதம், அட்டை எல்லாம் மஞ்சப் பையில போட்டு எரிச்சிடுவோம். இப்பவே சொல்லிட்டேன்” என்றாள் சிஸ்டர். அவள்மேல் குற்றமில்லை. முன்னாலேயே சொன்னாள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இவர்கள்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தினமும் நாலு மணிக்குப் பார்வையாளர் நேரம். சந்தை வாசலில், மாடிப்படிக்கு அடியில், ஆள் ஒருவர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும் கடை அவருடையது. மூன்றரைக்கே அரத்தையும் இடுக்கியையும் உள்ளே போட்டு இழுத்து மூடிவிட்டுக் கிளம்பிவிடுவார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் கட்டிலில் அவள். தலைமுடி கொட்டிக் காதோரம் எலும்பு தெரிந்தது. இரண்டு பேர் கையிலும் பொத்தான் போன். பலகைமேல் எப்போதும் ஒரு துணியைப் போர்த்தி வைத்திருப்பாள்.

“காட்டேன் கொஞ்சம்.”

“பாதியில காட்டினா மூடியப் பாத்த மாதிரி. முடிஞ்சதும் காட்டறேன்.”

சிஸ்டரிடம் சொல்லி ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு என்று மகள் கேட்டதற்கும் திட்டு விழுந்தது. “போட்டோ எடுத்தா அது மூடிதானேடி? உனக்கு எத்தனை வயசாச்சு, இன்னும் புத்தி வரலையே.”

பத்தாம் நாளோ என்னவோ, போனில் அவள் குரல் கிண்டலாக வந்தது.

“ஏங்க, உங்க ஆகாயத்துல ஒரு ஆள் உட்காந்து மீன் பிடிக்கறான்.”

“என்னது?”

“படகுல உட்காந்திருக்கான். துடுப்பு வேற வெச்சிருக்கான். நீங்க ஆகாயம்னு பிரிச்சுக் குடுத்ததுல பாதி ஏரிங்க!”

சாவிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. மூடியைப் பார்க்கிற குடும்பம் எதுவும் செய்யாத தப்பு. வீட்டில் அதற்கு நேர்மாறு: கூரை ஓடு என்று அவர் ஒதுக்கி வைத்திருந்த சிவப்புத் துண்டுகள் எந்தக் கூரையிலும் உட்காராமல் நாலு நாளாக அவர் உயிரை வாங்கிக்கொண்டிருந்தன. அது அந்திவானம். அதையும் விளக்குப் பெட்டி வழியாக உள்ளே அனுப்பிவைத்தார்கள். அவளிடம் இருந்த ஏரி மட்டும் வெளியே வர வழியில்லை. அதனால் கதவுமேல் கிடந்த படத்துக்கு ஆகாயமும் இல்லை, நடுவில் ஏரியும் இல்லை. ஏரிக் கரையை மட்டும் ஓரம் பிசகாமல் கட்டி முடித்தார்கள்.

அதற்குப் பிறகு நாலு மணிப் பேச்சு முழுக்க அதுதான். “சிவப்புல ஒரு யானை, ஒரு காது மட்டும் கோணல், வந்துச்சா?” “வந்துச்சு, பசிக்காரன் பக்கத்துல உட்காந்துட்டான்.” பக்கத்துக் கண்ணாடியில் நின்று அழுதுகொண்டிருந்த ஒரு பெரியவர் இதைக் கேட்டு இவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்திருப்பார். ரத்தம் எவ்வளவு, காய்ச்சல் எவ்வளவு, வாந்தி எத்தனை தடவை என்பதையெல்லாம் மகள் சிஸ்டரிடம் கேட்டுக்கொள்வாள். இவர்கள் இரண்டு பேரும் அதைப் பேசியதே இல்லை.

கீழ்ப்பாதி முடிகிற சமயம்தான் ஆட்டுக்கு முகம் இல்லாதது தெரிந்தது. வேலியோரம் நிற்கிற வெள்ளை ஆடு. கொம்பு இருக்கிறது, தாடி இருக்கிறது, நடுவில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் கதவு மரம் தெரிகிறது.

“பெட்டிக்காரன் ஒரு துண்ட கம்மியாப் போட்டுட்டான்” என்றாள் மகள்.

“பெட்டிக்காரனா? உங்கம்மா!” என்று துள்ளி எழுந்தார் சாவிக்காரர். இரண்டு மாதத்தில் அவர் சிரித்து அன்றைக்குத்தான் மகள் பார்த்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை, அத்தனை கலவரத்திலும், கொள்ளைக்காரி வேலையைக் காட்டிவிட்டுத்தான் போயிருக்கிறாள். வீட்டைச் சல்லடை போட்டுச் சலித்தார். தையல் மெஷின் இழுப்பறை, தலையணை உறை, அரிசி டின், அவளுடைய பழைய செருப்பு. எங்கும் இல்லை. மறுநாள் நாலு மணிக்குப் போனில் பாய்ந்தார்.

“ஆட்டு மூஞ்சி எங்கடி?”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் தோள் குலுங்கியது. “கண்டுபிடிங்க பாக்கலாம். ஊருக்கே பூட்டுத் திறக்கறவரு!”

“தலகீழா நின்னு பாத்துட்டேன். சொல்லித் தொலை.”

“நான் வந்துதான் எடுத்துக் குடுப்பேன்.”

இந்த ஒரு வார்த்தையை அவர் பிடித்துக்கொண்டார். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் எடுத்து ஒளித்த துண்டு ஒன்றுகூடத் தொலைந்ததில்லை. ஒவ்வொன்றையும் அவள் கையாலேயே கொண்டுவந்து வைத்திருக்கிறாள். அப்படியென்றால் இதையும் வைக்க வருவாள். டாக்டர்கள் படித்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தது அவர்களுக்கு. தனக்குத் தெரிந்தது தனக்கு. முதல் மருந்து பலிக்கவில்லை என்றபோதும் அவர் கலங்கவில்லை, இரண்டாவது பலிக்கவில்லை என்றபோதும் கலங்கவில்லை. ஆட்டு முகம் எங்கே என்று தேடுவதைக்கூட நிறுத்திவிட்டார். கண்டுபிடித்துத் தொலைத்துவிட்டால் அவள் வருவதற்குக் காரணம் இல்லாமல் போய்விடுமோ என்று பயம். ஐம்பத்தேழு வயது ஆளுக்கு இப்படியொரு கணக்கு.

மூன்றாவது மருந்து முடிந்த வாரம் டாக்டர் அவரையும் மகளையும் உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னபோதே மகளுக்குப் புரிந்துவிட்டது.

“மூணாவதும் கேக்கலை. இதுக்கு மேல குடுத்தா மருந்தே அவங்களக் கொன்னுடும். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. வலி தெரியாம இருக்க மாத்திரை எழுதித் தர்றேன்.”

“மறுபடி எப்ப கூட்டிட்டு வரணுங்க?” என்றார் சாவிக்காரர்.

டாக்டர் மேஜைமேலிருந்த பேனாவை நகர்த்தி வைத்தார். “கூட்டிட்டு வர வேணாம்.”

அவள் வீட்டுக்கு வந்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்று மூன்று மாதமாக நாள் தவறாமல் வேண்டிக்கொண்டவர் அவர். எப்படி வர வேண்டும் என்பதையும் சேர்த்து வேண்டிக்கொள்ள அவருக்குத் தோன்றவில்லை. நடைபாதையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகள் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அவருக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம்.

மறுநாள் காலை அழைத்துவரப் போனபோது அவளைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து வெளியே கொண்டுவந்திருந்தார்கள். மூன்று மாதத்துக்குப் பிறகு நடுவில் கண்ணாடி இல்லை. அவர் அவள் கையைத் தொட்டார். காய்ந்த தாள் மாதிரி இருந்தது.

“ஆகாயம்?” என்றார்.

“நேத்து சாயங்காலம் முடிச்சேன். ஏரியும் முடிச்சாச்சு.” அவள் திரும்பி அறையைக் காட்டினாள். “இப்பதான் அந்தப் பொண்ணு எடுத்துட்டுப் போறா.”

சிஸ்டர் பலகையைச் சாய்த்து எல்லாவற்றையும் மஞ்சள் பைக்குள் சரித்துக்கொண்டிருந்தாள். கதவின் சின்னக் கண்ணாடி வழியாக, நீலமும் சிவப்புமாகச் சில கொத்துகள் உடையாமலே பைக்குள் விழுவது தெரிந்தது. மகள் ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள். சிஸ்டர் உள்ளிருந்து தலையை ஆட்டி, பை வாயை முறுக்கிக் கட்டினாள்.

“விடுடி, அவ வேலைய அவ பாக்கறா” என்றாள் கொள்ளைக்காரி.

வீட்டு வாசலில் வண்டி நின்றபோது எதிர்வீட்டு வாத்தியார் வெளியே வந்தார். “வந்தாச்சா! வீட்டுக்கு அனுப்பிட்டாங்கன்னா அப்ப எல்லாம் சரியாப் போச்சுன்னு அர்த்தம். ரொம்ப சந்தோஷம்!” என்றார். சாவிக்காரர், “ஆமாங்க, ஆமாங்க” என்று தலையாட்டினார். உள்ளே வந்து படுக்கையில் சாய்த்ததும் அவள் கேட்டாள்.

“அந்த மனுஷன்கிட்ட ஏன் ஆமான்னீங்க?”

“பின்ன என்ன சொல்லச் சொல்றே?”

“அவர்கிட்ட என்ன வேணா சொல்லுங்க. என்கிட்ட பூசி மெழுகாதீங்க. எனக்குத் தெரியும்.”

அவர் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். சரியாக இருந்த போர்வையைத்தான்.

மூன்றாம் நாள் காலை, வெயில் ஜன்னல் வழியாகக் கதவு மேஜைமேல் விழுகிற நேரம், தன்னைத் தூக்கிக்கொண்டுபோய் அங்கே உட்கார வைக்கச் சொன்னாள். மாப்பிள்ளை குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கினார். கனம் இல்லாததால் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்காலியில் நாலு பக்கமும் தலையணை வைத்து முட்டுக் கொடுத்தார்கள். அவள் படத்தைப் பார்த்தாள்: வேலி, வீடு, வைக்கோல் வண்டி, நடுவில் வழவழவென்று கரை மட்டும் கட்டிய பெரிய ஓட்டை, மேலே வெறும் மரம், முகமில்லாத ஆடு.

“பாவம், மூணு மாசமா மூஞ்சி இல்லாம நின்னுட்டிருக்கு” என்றாள். பிறகு அவர் வழக்கமாக உட்காரும் பக்கத்தைக் கண்ணால் காட்டினாள். “உங்க வலது முழங்கை இருக்குல்ல, அதுக்குக் கீழ பாருங்க.”

கறுப்பு டேப். பழைய டேப் இல்லை, புது டேப். இருபத்தோரு வருஷத்துக்கு முன் ஒட்டிய டேப் இவ்வளவு கறுப்பாக இருக்குமா என்று ஊருக்கே பூட்டுத் திறக்கிறவருக்குத் தோன்றவே இல்லை. அத்தனை நாளும் அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டுதான் ஆட்டு முகத்தைத் தேடினார்.

“அடிப்பாவி! பூட்டுக்குள்ளயா?”

“வேற எங்க வெச்சாலும் கண்டுபிடிச்சுடுவீங்க. உங்க பூட்டுல நீங்க தேட மாட்டீங்கன்னு தெரியும்.”

கதவைச் சாய்த்தால் படம் கலைந்துவிடும். அதனால் முன்பு செய்த மாதிரியே அவர் திருப்புளியை எடுத்துக்கொண்டு தரையில் மல்லாந்து படுத்து மேஜைக்கு அடியில் நுழைந்தார். நாலு திருகாணி. துருப்பிடித்து இறுகியிருந்தன. முதலாவது அசைந்தது, இரண்டாவது அசைந்தது. மூன்றாவதில் கை நின்றுவிட்டது. மேலே அவள் இருமினாள். தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் மரம். அதற்கு மேலே அவர்களுடைய பாதிப் படம். பக்கத்தில் வீங்கிய அவளுடைய பாதங்கள். மூன்று மாதமாக வராத அழுகை அங்கே வந்தது. யாரும் பார்க்க முடியாத இடம் என்பதால் அவர் தடுக்கவில்லை. கண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் இறங்கியது.

கொஞ்ச நேரம் கழித்து மேலேயிருந்து குரல் வந்தது. “என்னங்க, அங்கயே குடித்தனம் பண்ணப்போறீங்களா?”

“துரு... துருடி” என்றார்.

“துருதான், தெரியுது. வாங்க.”

நாலாவது திருகாணி கழன்றதும் பூட்டு கைக்கு வந்தது. ஆட்டு முகம் அவர் நெஞ்சில் விழுந்தது. இரண்டு காது, இரண்டு வாய், நடுவில் ஒரு கறுப்புக் கண்.

எழுந்து வந்து அதை மேஜைமேல் வைத்தார். வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். கடைசித் துண்டு என்றால் அந்த வீட்டில் அடிதடியே நடக்கும். மகள் கையைத் தட்டிவிடுவாள், மாப்பிள்ளைகூட ஒருதரம் பாய்ந்து பார்த்திருக்கிறார். இப்போது நாலு பேர் சுற்றி இருந்தார்கள், ஒருவர் கையும் நீளவில்லை.

“நீங்க வைங்க” என்றாள் கொள்ளைக்காரி.

“நானா? எடுத்தவ நீ. நீதான் வைக்கணும்.”

“என் கை நடுங்குது. உங்களுக்குத்தான் இருபத்திரண்டு வருஷமா ஆசை. வைங்க.”

சாவிக்காரர் துண்டை எடுத்தார். எடுத்தவர் உள்ளங்கையை மூடிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். சிரிக்க முயன்றார். “தர மாட்டேன். இந்தத் தடவ நான் திருடிட்டேன். நாளைக்கு வந்து வாங்கிக்கோ.”

மகள் உதட்டைக் கடித்தாள். கொள்ளைக்காரி சிரிக்கவில்லை.

“விளையாடாதீங்க” என்றாள். குரல் சின்னதாக, ஆனால் காலர் பிரிவில் இருபது பெண்களை மேய்த்த அதே கண்டிப்போடு. “நீங்க பண்றது என்னன்னு தெரியுது. எனக்கு நாளைக்குன்னு ஒண்ணு இருக்கான்னு தெரியாது. இன்னிக்கு எனக்குக் கண்ணு தெரியுது, உட்கார முடியுது. நீங்க ஜெயிக்கறத நான் ஒரு தரமாவது பாக்கணும். வைங்க.”

அவர் பைக்குள் கைவிட்டுத் துண்டை எடுத்தார். சாவியின் பல்லை மயிரிழை பிசகாமல் ராவுகிற விரல்கள், ஓர் அட்டைத் துண்டை இரண்டு தரம் தப்பான பக்கம் திருப்பின. மூன்றாம் தரம் உட்கார்ந்தது. கட்டைவிரலால் அழுத்தினார். ஆடு அவர்களைப் பார்த்தது.

அந்தப் படம் அவருக்குச் சொந்தமாயிற்று. அவ்வளவு வெறுப்பாக அவர் வாழ்க்கையில் எதையும் ஜெயித்ததில்லை.

மாப்பிள்ளை தேநீர் போடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டார். கொள்ளைக்காரி ஆட்டுக்கு மேலே, வேலிக்கு மேலே, வெறும் மரம் தெரிகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆகாயம் நல்லாத்தான் வந்துச்சு” என்றாள். “நான் பாத்தேன்.”

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அந்த ஆகாயத்தை முழுசாகப் பார்த்த ஆள் உலகத்தில் அவள் ஒருத்திதான்.

“எப்படி இருந்துச்சு?”

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். மூன்று மாதத்தில் சுருங்கிப்போன அந்த முகத்தில் பழைய திருட்டுத்தனம் ஒரு வினாடி எட்டிப் பார்த்தது.

“நாளைக்குச் சொல்றேன்” என்றாள்.

அவர் கேட்ட ‘நாளைக்கு’ அவருக்குக் கிடைத்துவிட்டது. “சரி” என்றார்.

மறுநாள் காலை தேநீரோடு போய்க் கேட்டார். “நாளைக்கு” என்றாள். அதற்கு மறுநாளும் கேட்டார், “நாளைக்கு.” தேநீர் இரண்டு வாய் இறங்குவதே கஷ்டம் என்று ஆன பிறகும், மாத்திரையின் மயக்கத்தில் மகளையே அடையாளம் தெரியாத நாளிலும், அவர் கேட்டால் மட்டும் அந்த ஒரு வார்த்தை வந்தது. பதினோராம் நாள் காலை கேட்டபோது வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. காதைக் கொண்டுபோய் வைத்தார், மூச்சுதான் கேட்டது. மத்தியானத்துக்கு முன்னால் அதுவும் நின்றது.

எல்லோரும் வந்து போய் வீடு காலியான பிறகு, ஒரு காலையில் மகள் கதவு மேஜையை ஒழிக்க வந்தாள். முடிந்த படத்தை அன்றைக்கே கலைத்துவிட வேண்டும் என்பதும் சட்டந்தான். இது மூன்று வாரமாகக் கிடந்தது. துண்டுகளைப் பெட்டியில் வாரிப் போட்டாள். பிறகு ஸ்டூலில் ஏறிப் பரணிலிருந்து மூடியை இறக்கினாள். கடைக்காரர் சுற்றிய பழுப்புத் தாள் அப்படியே இருந்தது.

“முடிஞ்சுதானேப்பா போச்சு” என்றாள். “பிரிக்கட்டுமா? அம்மா பாத்த ஆகாயத்த நாமளும் பாத்துடலாம்.”

சாவிக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். மூடியைக் கையில் வாங்கினார். தாளின் ஓரத்தில் நகத்தை வைத்தார். எடுத்துவிட்டுத் திருப்பி அவளிடமே கொடுத்தார்.

“வேணாம்மா. நாளைக்குச் சொல்றேன்னு சொல்லியிருக்கா.”

மகள் மூடியை மறுபடி பரண்மேல் வைத்தாள். அவர் கடை திறக்கக் கிளம்பினார்.